தங்கமா, தாமிரமா, கறுப்புத் தூளா: ஒளிவெப்ப சிகிச்சை ஆய்வுக்கு எந்த நானோ பொருள்?

அக்கா மகள் காலாப்பட்டில் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன ஞாயிறு பஸ் பிடித்து கடலூருக்கு வந்தவள், மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். "மாமா, வெள்ளிக்கிழமைக்குள்ள ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கணும். போட்டோதெர்மல்னு முடிவு பண்ணிட்டேன். எந்த மெட்டீரியல்னுதான் தெரியல. நீங்க சொல்லுங்க." கையில் ஒரு கட்டு பிரிண்ட் அவுட். எல்லாவற்றிலும் மஞ்சள் ஹைலைட்டர் ஒரே மாதிரி வரியில்தான் விழுந்திருந்தது: எத்தனை நிமிடத்தில் எத்தனை டிகிரி ஏறியது என்ற வரி.

நான் இங்கே ஒரு கல்லூரியில் வேதியியல் வாத்தியார். சில வருடம் தங்கத் துகள்களோடு மல்லுக்கட்டியவன். அன்று சாயங்காலம் வரை மொட்டை மாடியில் அவளோடு பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். அவளைப் போலத் தலைப்பு தேடும் பிள்ளைகளுக்கு உதவும்.

வீட்டில் நோயாளி இருப்பதால் இதைத் தேடி வந்தவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நானோ துகளை வைத்துச் செய்யும் ஒளிவெப்ப சிகிச்சை, அதாவது புற்றுக் கட்டிக்குள் போன துகளை லேசர் ஒளியால் சூடாக்கிக் கட்டியைக் கொல்வது, இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. "நானோ லேசர்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கல்லீரலில் இருக்கும் சின்னக் கட்டியை ஊசி வழியாக ரேடியோ அலையாலோ மைக்ரோவேவாலோ சுட்டுக் கருக்குவது வேறு; அது ஏற்கெனவே மருத்துவமனைகளில் நடக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது, அங்கே கேட்டுக்கொள்ளலாம். அப்புறம், தங்க பஸ்பம் சாப்பிட்டால் இதே பலன் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. இல்லை. இந்த வேலையைச் செய்வது லேசர். தங்கம் அந்த ஒளியை வாங்கிச் சூடாகிறது, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டார்ச் லைட்டை உள்ளங்கையால் மூடினால் விரல் இடுக்கில் சிவப்பு மட்டும் கசிகிறதல்லவா? மற்ற நிறங்களை ரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பையும் தாண்டி, அலைநீளம் சுமார் 700 முதல் 1,000 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரையுள்ள அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகப் போகும். அதற்கும் மேலே போனால் தண்ணீர் குறுக்கே வரும். ஆழம் என்றாலும் சென்டிமீட்டர் கணக்குத்தான். இந்த ஒளியை உடம்பு லேசாக விட்டுவிட, கட்டிக்குள் இருக்கும் துகள் மட்டும் பிடித்து வெப்பமாக மாற்ற வேண்டும். எந்தத் துகள் என்பதுதான் அவள் கேள்வி.

அவளுடைய மஞ்சள் கோடுகளில் 65 டிகிரி, 70 டிகிரி என்றெல்லாம் இருந்தது. எதற்கு அத்தனை சூடு? வெப்ப சிகிச்சைக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. 43 டிகிரியில் 60 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் தேவையான நேரம் பாதியாகும். 44-ல் 30 நிமிடம், 45-ல் 15, 47-ல் நான்கு நிமிடத்துக்கும் குறைவு, 50-ல் அரை நிமிடம்கூட வேண்டாம். உடம்பு 37-ல் தொடங்குகிறது. 10, 13 டிகிரி ஏற்ற முடிந்தால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் பக்கத்து நல்ல தசையும் சேர்ந்து வேகும்.

டியூபில் அளக்கும் சூட்டிலும் ஏமாற்று உண்டு. மே மாதம் ஏசி இல்லாத லேபில் தண்ணீரே 33, 34-ல் நிற்கும். 20 டிகிரி ஏறினால் வரைபடத்தில் 54 என்று பிரமாதமாகத் தெரியும். ஏசி ரூமில் அதே சோதனை 45-தான் காட்டும். என் கதை இன்னும் மோசம். ஆரம்பத்தில் ஒரு தடவை, துகள் போடாத வெறும் தண்ணீரே மளமளவென்று சூடேறியது. அரை நாள் கழித்துத்தான் புரிந்தது, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியின் முனையை லேசர் பாதையிலேயே விட்டிருக்கிறேன். உலோக முனை ஒளியை வாங்கித் தானே சூடாகி, அதைத் தண்ணீரின் சூடாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய வாரத்து அளவுகள் முழுக்கக் குப்பைக்குப் போயின.

முதலில் தங்கம். அவளுக்கு ஆசையும் இதில்தான். மனிதரிடம் சோதித்த ஆதாரம் என்று பார்த்தால் இந்தப் பட்டியலில் தங்கத்துக்குத்தான் கை ஓங்கும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் குழுவினர் சிலிக்கா உருண்டைக்கு மேல் மெல்லிய தங்கத் தோல் போர்த்திய துகள்களை (தங்கக் கூடு என்று வைத்துக்கொள்வோம்) வைத்து 2003-ல் எலிகளில் கட்டியைச் சுட்டுக் காட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்த சிகிச்சையை புராஸ்டேட் புற்று உள்ள 16 பேருக்குச் செய்து பார்த்த முடிவு 2019-ல் வெளியானது. துகளை ரத்தக் குழாயில் ஏற்றிவிட்டு, மறுநாள் மெல்லிய ஒளியிழையை உள்ளே செருகி லேசர் பாய்ச்சினார்கள். 16-ல் 15 பேருக்கு நினைத்தபடி செய்து முடிக்க முடிந்தது. கவனிக்க வேண்டியது, இது சின்ன சோதனை. நோயும் முற்றாத, மிதமான நிலை. ஆனால் 2003-க்கும் 2019-க்கும் நடுவே 16 வருடம். ஆறு மாத ப்ராஜெக்ட்காரர்கள் இந்த இடைவெளியை ஒரு நிமிடம் பார்த்துக்கொள்வது நல்லது.

தங்கக் குச்சியின், அதாவது குச்சி வடிவத் தங்க நானோ துகளின், கதை எனக்கு இன்னும் நெருக்கம். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் மோஸ்தஃபா எல்-சயீத் குழு 2006-ல் வாய்ப்புற்று செல்களை வைத்தே இதைச் செய்தது. புற்று செல்லைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடியைக் குச்சியில் கட்டி, 800 நானோமீட்டர் லேசர் அடித்தார்கள். நல்ல செல் சாகத் தேவைப்பட்ட லேசர் சக்தியில் ஏறக்குறைய பாதியிலேயே புற்று செல் செத்தது. குச்சியின் நீளத்தையும் தடிமனையும் மாற்றினால் அது எந்த அலைநீளத்தைப் பிடிக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். இந்த வசதி மற்றவற்றில் இந்த அளவுக்கு இல்லை.

"தங்கம் விக்கிற விலைக்கு..." என்று அக்கா உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். விலை பயப்படுகிற அளவுக்கு இல்லை. குச்சி வளர்க்கும் கரைசல் 100 மில்லியில் இருப்பது சுமார் 10 மில்லிகிராம் தங்கம், மூக்குத்தித் திருகாணிக்குக்கூடப் போதாது. குச்சி செய்ய வாங்கும் தங்கச் சேர்மமான குளோரோஆரிக் அமிலம் ஒரு கிராமில் பாதி எடை தங்கம். ஐம்பது தடவை செய்து பார்க்கலாம். செலவு வேறு இடத்தில். குச்சி குச்சியாகவே வளர சி.டி.ஏ.பி. என்ற சோப்பு மாதிரிப் பொருள் வேண்டும். அது செல்லுக்கு நஞ்சு. ரொம்பக் கழுவினால் குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படிந்துவிடும், கழுவாவிட்டால் லேசர் அடிக்கும் முன்பே செல் சாகும். லேசர் கொன்றதா, சோப்பு கொன்றதா என்று தேர்வாளர் கேட்பார். கேட்கவும் வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. சி.டி.ஏ.பி. சுமார் 25 டிகிரிக்குக் கீழே கரைசலில் நிற்காது. ஏசியை 18-ல் வைத்துவிட்டுப் போனால் காலையில் குடுவைக்கு அடியில் வெள்ளை ஊசி ஊசியாகப் படிந்திருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து, கரைந்ததா என்று குனிந்து குனிந்து பார்க்க வேண்டும். கரண்ட் போன இரவுகளில்தான் எனக்கு நல்ல குச்சி வந்திருக்கிறது.

தங்கத்தின் பெரிய சிக்கல் விளக்கை அணைத்த பிறகுதான். சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ள வேண்டுமென்றால் துகள் ஐந்தரை நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். குச்சியும் கூடும் அதைவிடப் பெரியவை. அவை கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய் உட்காரும். மாதக் கணக்கில் உட்காரும். தங்கம் கரையாது, துருப்பிடிக்காது. நகைக்கு அது குணம். இங்கே அதுவே தொல்லை. 2013-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் இருந்து வந்த ஓர் ஒப்பீடு எனக்கு இந்தத் துறையையே வேறு மாதிரி காட்டியது. உள்ளீடற்ற தங்கக் கோளங்களையும் உள்ளீடற்ற காப்பர் சல்பைடு துகள்களையும் எலிகளுக்கு ஏற்றி, ஒரு மாதம் கழிவைச் சேர்த்து அளந்திருந்தார்கள். தாமிரத்தில் சுமார் 90 சதவீதம் வெளியே வந்துவிட்டது. தங்கத்தில் சுமார் 4 சதவீதம்தான். அன்றிலிருந்து எந்தக் கட்டுரையை எடுத்தாலும் சூட்டு வரைபடத்தைத் தாண்டி, "அப்புறம் எங்கே போனது" என்ற பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறேன். பல கட்டுரைகளில் அந்தப் பக்கமே இருக்காது.

அப்படியென்றால் காப்பர் சல்பைடே சரியா? மலிவு, செய்வது சுலபம், 900-ஐத் தாண்டிய அலைநீளத்திலும் ஒளியைப் பிடிக்கும். ஆனால் உடைந்து வெளியேறுவது என்றால் வழியில் தாமிர அயனியை விட்டுக்கொண்டே போவது. தாமிரம் அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆகாது. மேல்பூச்சு நன்றாக இருந்தால் மெதுவாக விடும், மோசமாக இருந்தால் ஒரேயடியாக விடும். லேசர் இல்லாமல் துகளை மட்டும் போட்ட செல்கள் எத்தனை பிழைத்தன என்ற சோதனையை இரண்டு மடங்கு அக்கறையோடு செய்ய வேண்டிய பொருள் இது. நான் இதை ஒதுக்கவில்லை; ஏன் என்று தோல் விஷயத்தில் சொல்கிறேன்.

கார்பன் நானோ குழாயும் கிராஃபீனும் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்தேன். கறுப்பு நன்றாகச் சூடாகும், உண்மைதான். ஆனால் நீளமான, விறைத்த குழாய்கள் எலியின் வயிற்றறைக்குள் கல்நார் மாதிரியே அழற்சியைத் தூண்டியதை 2008-ல் எடின்பரோவைச் சேர்ந்தவர்கள் காட்டினார்கள். குட்டையாக வெட்டலாம், பூச்சு போடலாம். அதெல்லாம் செய்து முடிப்பதற்குள் செமஸ்டர் போய்விடும்.

இன்டோசயனின் கிரீன் என்ற சாயம் கண் மருத்துவமனைகளில் விழித்திரைக்கு அடியிலுள்ள ரத்தக் குழாயைப் படம்பிடிக்கப் பயன்படுவது. 1959-லேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. 800 நானோமீட்டரை ஒட்டி ஒளியைப் பிடிக்கும். பித்தத்தோடு வெளியேறிவிடும். கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் பாதியாகக் குறைய நாலைந்து நிமிடம்கூட ஆகாது, லேசர் பட்டால் சாயமும் வெளுக்கும். லேசரை நாலு தடவை போட்டு அணைத்தால் ஒவ்வொரு தடவையும் உச்சம் குறைந்துகொண்டே வரும். ஒரு நானோ பைக்குள் அடைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். துணைப் பாத்திரத்துக்கு ஏற்ற பொருள்.

பிரஷ்ய நீலத்தைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் இரும்பு உப்பைக் கண்டுபிடிக்கப் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு ஊற்றினால் வருமே, அதே நீலம்தான். உடம்புக்குள் போன கதிரியக்க சீசியத்தையும் தேலியத்தையும் வெளியேற்ற வாய்வழி மருந்தாக 2003-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. அதன் நானோ துகள் 700-ஐ ஒட்டிய அலைநீளத்தில் ஒளியை நன்றாகப் பிடிக்கும். இரண்டு குறை: அவளிடம் இருக்கும் 808 நானோமீட்டர் லேசருக்கு வரும்போது அது உச்சத்தில் இல்லை, சரிவில் நிற்கிறது, காரம் பட்டால் சிதையும். வாய்வழி அனுமதி இருப்பதை வைத்து ஊசியில் ஏற்றினாலும் பத்திரம் என்று கட்டுரைகள் எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. குடலைத் தாண்டாமல் வெளியே போகும் மருந்துக்கும் ரத்தத்தில் சுற்றும் துகளுக்கும் ஒரே நற்சான்று செல்லுமா?

கடைசியாகப் பாலிடோபமின். வாழைக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் விட்டால் கறுக்குமே, அதற்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். டோபமின் உப்பை பி.எச். 8.5 உள்ள டிரிஸ் பஃபர் என்ற லேசான காரக் கரைசலில் கரைத்துக் காற்றுபட விட்டால் போதும். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் டீத் தண்ணீர் நிறம், அப்புறம் டிகாஷன், மறுநாள் காலை மை. நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனினுக்குத் தங்கச்சி மாதிரி. கடல் பாறையில் சிப்பி எப்படி விடாமல் ஒட்டுகிறது என்பதைப் பார்த்து, 2007-ல் இதை எந்தப் பரப்பிலும் ஒட்டும் பூச்சாகக் காட்டினார்கள். 2013-ல் சீனக் குழு ஒன்று இதையே உருண்டைத் துகளாக்கி, வாங்கும் ஒளியில் 40 சதவீதத்தை வெப்பமாக மாற்றுகிறது என்று அளந்து, எலிக் கட்டியைச் சுட்டது. உலோகம் இல்லை, சி.டி.ஏ.பி. இல்லை, விலை உயர்ந்த கருவியும் வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. இதற்குத் தனி உச்சம் கிடையாது. புற ஊதாவில் தொடங்கி அகச்சிவப்பு வரை எல்லா ஒளியையும் வாங்கும், ஆனால் போகப் போகக் குறைவாக. அதனால் தங்கக் குச்சியைவிட அளவு கூடுதலாகப் போட வேண்டும். ஒரு தடவை செய்ததும் அடுத்த தடவை செய்ததும் அளவில் ஒத்துப்போகாது. கிளறும் வேகம், காற்று, சூடு எல்லாம் கூடிக் கெடுக்கும். கழுவாமல் விட்ட டோபமின் மிச்சம் இருந்தால் அது இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் ஆட்டும் மருந்து, மறக்கக் கூடாது. மனிதரிடம் சோதித்த வரலாறு என்று தங்கத்துக்கு எதிரே வைக்க இதனிடம் ஒன்றும் இல்லை.

இப்போது தோல். இந்த ஒப்பீட்டில் நான் அவளை அதிக நேரம் உட்கார வைத்தது இங்கேதான். அவள் கொண்டுவந்த கட்டுரைப் படங்களில் எல்லாம் வெள்ளெலி, இல்லாவிட்டால் முடியில்லாத எலி. வெளிறிய தோல். நம் ஊர்த் தோலில் மெலனின் அதிகம். 808 நானோமீட்டர் ஒளியில் ஒரு பங்கை அதுவே வாங்கிக்கொள்ளும். அழகு நிலையங்களில் லேசரால் முடி நீக்குகிறவர்களைக் கேட்டால் தெரியும், கறுத்த தோலுக்கு 1064 லேசருக்கு மாறுவார்கள், தோல் வெந்துவிடக் கூடாது என்பதற்காக. தோலில் படலாம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் தரம் சொல்லும் வரம்பு 808-க்கு சதுர சென்டிமீட்டருக்கு 0.33 வாட், 1064-க்கு 1 வாட். அவளுடைய கட்டுரைகளில் 808-க்கு 1 வாட், 2 வாட் என்று தாராளமாக அடித்திருந்தார்கள். அந்த வரியில் ஹைலைட்டர் விழவில்லை. பாலிடோபமினுக்கு இதில் ஒரு சங்கடம்: தோலின் மெலனினும் அதுவும் ஒரே ஒளிக்குப் போட்டி போடும். ஆகவே மார்பகம் போலத் தோலுக்கு அடியில் இருக்கும் கட்டிக்கு வெளியிலிருந்து அடிப்பதுதான் திட்டம் என்றால், 1064-ஐப் பிடிக்கும் நீளமான தங்கக் குச்சியோ காப்பர் சல்பைடோதான் பொருத்தம். பாலிடோபமின் பின்தங்கும்.

வாய்க்குள் கதை வேறு. இந்தியாவில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்று. புகையிலை, பாக்கு என்று காரணமும் கண்ணெதிரே. கட்டி மேலாகவே தெரியும், ஒளியிழையைப் பக்கத்தில் கொண்டுபோகலாம், தோலைத் தாண்டிப் போகிற பிரச்சினை இல்லை. பாக்கு போட்டுப் போட்டு வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கும் என்கிறவர்களுக்கும் மெல்லிய இழை நுழையும். துகளை ரத்தத்தில் ஏற்றாமல் கட்டிக்குள்ளேயே ஊசியால் போடலாம். ரத்தத்தில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு டொராண்டோவில் வாரன் சான் குழு 2016-ல் பழைய ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பார்த்துச் சொன்ன கணக்கு இருக்கிறது: ஏற்றியதில் கட்டிக்குப் போய்ச் சேர்வது 0.7 சதவீதம், அதுவும் நடு மதிப்பு. மிச்சமெல்லாம் பெரும்பாலும் கல்லீரலுக்கு. ஊசியால் நேராகப் போடுவதென்றால் தங்கம் கல்லீரலில் தேங்கும் பிரச்சினையும் குறையும், பாலிடோபமினை அதிகம் போட வேண்டிய பிரச்சினையும் குறையும். ஆனால் வாய்ப்புற்று கழுத்து நெறிக்கட்டிக்குப் பரவும். வாயில் இருப்பதைச் சுட்டால் கழுத்தில் இருப்பது போகாது. அதற்கு அறுவை சிகிச்சையும் கதிரும்தான். ப்ராஜெக்ட் முன்னுரையில் "முழுமையான தீர்வு" என்று எழுதாதே என்றேன்.

நடுவில் ஒரு குழப்பம் தீர்க்க வேண்டியிருந்தது. ஒளிவெப்பமும் ஒளி இயக்க சிகிச்சையும் ஒன்றா என்றாள். இல்லை. இரண்டாவது சூட்டால் கொல்லாது. ஒளி பட்ட மருந்து ஆக்சிஜனைத் தூண்டிவிட்டு அதனால் கொல்லும். அது ஏற்கெனவே மருத்துவத்தில் இருக்கிறது. அதில் பழைய மருந்தான போட்டோஃப்ரின் போட்டவர் குறைந்தது 30 நாள் வெயிலில் தலைகாட்டக் கூடாது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே என்றால் நினைத்துப் பாருங்கள்.

கடைசியில் என் தீர்ப்பு இது. மருந்தாகும் வாய்ப்பு எதற்கு என்று பந்தயம் கட்டச் சொன்னால் தங்கக் கூடு. தோலுக்கு அடியில் இருப்பதற்கு என்றால் காப்பர் சல்பைடு, பூச்சில் கவனம் வைத்து. அவளுக்கு, ஆறு மாதத்தில், அவளிடம் இருக்கும் 808 லேசரில், வாய்ப்புற்று செல்லில் என்றால் பாலிடோபமின். ஒப்பிட்டுப் பார்க்கச் சின்ன அளவில் தங்கக் குச்சியும் செய்துகொள்ளட்டும். லேசர் 0.33 வாட்டில் தொடங்கட்டும். 808 கண்ணுக்குத் தெரியாது, விழித்திரைக்கு நன்றாகவே தெரியும். அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி இல்லாமல் ஸ்விட்சைத் தொடக் கூடாது.

அப்புறம் ஒரு யோசனை சொன்னேன். செல் தட்டுக்கும் லேசருக்கும் நடுவே தோலை வைத்துப் பார். வெள்ளைப் பன்றித் தோல் ஒன்று, நம் ஊர்க் கறுப்பு நாட்டுப் பன்றித் தோல் ஒன்று. இரண்டுக்கும் அடியில் எவ்வளவு சூடு ஏறுகிறது என்று அள. கறிக்கடையில் சொல்லி வைத்தால் கிடைக்கும்.

மூன்று நாள் கழித்துப் போன் வந்தது. தலைப்பு கொடுத்துவிட்டாளாம், முதல் குடுவை கறுத்துவிட்டதாம், வாஷ் பேசினில் விழுந்த கறை மட்டும் எதற்கும் மசியவில்லையாம். போகாது என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "மாமா, தோல் வாங்கியாச்சு. ராத்திரி ஹாஸ்டல் ஃப்ரிட்ஜ்ல வெச்சா பரவாயில்லையா? வார்டன் மேடமோட தயிரும் அதுலதான் இருக்கு."